பொங்கியண்ணனும் ஜெர்மன்காரரும்

1961ஆம் ஆண்டு ஜூலை 7, வெள்ளிக்கிழமை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த பொங்கியண்ணன் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. நஞ்சம்மாளைக் கட்டிக்கொள்கிறாரா, இல்லையா?

கேட்டவர் நஞ்சம்மாளின் அண்ணன் வேலுமணி. அதே கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். பொங்கியண்ணனுக்கு நெடுநாள் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் நஞ்சம்மாளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஆடி பிறக்க ஒரு வாரம்தான். பிறந்துவிட்டால் ஆவணி வரைக்கும் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள்.

பொங்கியண்ணனுக்கு வயது முப்பத்து மூன்று. நஞ்சம்மாளை அவருக்குப் பிடிக்கும் என்பது கம்பெனிக்கு டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் தெரியும். இரண்டு வீட்டுக்கும் கூட்டம், அதாவது குலப்பிரிவு, வேறு; கட்டிக்கொள்ளும் முறைதான். குறுக்கே நின்றவர் ஒருவர்தான். ஜெர்மன்காரர்.

ஜெர்மன்காரர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அட்டை கிழிந்த ஒரு மெல்லிய தமிழ்ப் புத்தகத்துக்குள் அவர் இருந்தார். பெயர் இருந்த பக்கமும் அட்டையோடு போய்விட்டது. ஜெர்மனி தேசத்துத் தத்துவ அறிஞர், தனியாகவே வாழ்ந்து இறந்தவர் என்று முன்னுரையில் மிஞ்சியிருந்த பாதி சொன்னது, அவ்வளவுதான். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம் பொங்கியண்ணன் அதை வாங்கினார். அப்பா இறந்து சில வாரம் ஆகியிருந்த நேரம்.

அப்பா கிணறு வெட்டியே நொடித்துப் போனவர். பல்லடத்துக்குத் தெற்கே வானம் பார்த்த பூமி. பாறை வந்தது, வெடி வைத்தார்கள், மறுபடியும் பாறை வந்தது. நீரோட்டம் பார்த்தவர், சொந்தக்காரர், வழியில் போனவர், எல்லாருமே ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: இன்னும் பத்தடி, ஊற்று வந்துவிடும். மாடுகள் போயின, பூமி போனது, கடைசியில் அப்பாவும் போனார். அன்று பஸ் வரும்வரை பொங்கியண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். 'உலகம் உனக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. தரும் என்று நீயாகத்தான் நினைத்துக்கொண்டாய்' என்று இருந்தது. தண்ணீர் வரும் என்று சொல்லாத முதல் ஆளை அவர் அங்கேதான் கண்டார்.

அதன்பிறகு எல்லாம் ஜெர்மன்காரர் சொன்னபடிதான். மழையே காணாத சித்திரையிலும் கையில் குடை இருக்கும். தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்பும்போது, "பஸ் வராது" என்று சொல்லி நடக்க ஆரம்பித்துவிடுவார். சில சமயம் பஸ் அவரைத் தாண்டிப் போகும், உள்ளே இருப்பவர்கள் கை காட்டுவார்கள். கம்பெனியில் டீ வந்தால் மற்றவர்கள் வேண்டுமென்றே கேட்பார்கள்.

"ஏனுங்க மாஸ்டர், டீ நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆறிப் போயிரும்."

கட்டிங் மேசையிலும் அப்படித்தான். பனியன் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும். மற்றவர்கள் அரை அங்குலம் சேர்த்து வெட்டினால் இவர் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டுவார். துணி வீணாகிறது என்று முதலாளி முணுமுணுப்பார். ஆனால் பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் அந்தக் கம்பெனிச் சரக்குக்கு ஒரு பெயர் இருந்தது: எத்தனை தடவை துவைத்தாலும் தொப்புளுக்கு மேலே ஏறாது.

அந்தக் காலத்துத் திருப்பூரில் நொய்யல் கரை முழுக்க வெள்ளைத் துணி காயும். காற்றடித்தால் தூரத்திலிருந்து பார்க்கக் கொக்குக் கூட்டம் எழும்புவது போலிருக்கும். ஆற்றுத் தண்ணீரை அப்படியே கையில் அள்ளிக் குடித்தார்கள். கம்பெனி என்றால் ஓட்டுக் கூரையின் கீழ் நாலு மெஷின், இரண்டு தையல் மேசை, ஒரு கட்டிங் மேசை. பாய் விரித்து உட்கார்ந்து பீஸ் மடிக்கும் பெண்கள், அவர்களில் ஒருவர் நஞ்சம்மாள். ஒரு மூலையில் பேசினால் மறு மூலைக்குக் கேட்கும்.

அதனால்தான் அன்று மத்தியானம் வேலுமணி பேசியது எல்லார் காதிலும் விழுந்தது.

"ஏப்பா பொங்கியண்ணா, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கோணுமா? இப்பவே சொல்லிப்போடு. உன்ர ஜெர்மன்காரன் என்ன சொல்றான்?"

அவர் என்ன சொல்கிறார் என்பது பொங்கியண்ணனுக்கு மனப்பாடம். கல்யாணத்தைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் துக்கம் பாதியாவதில்லை, இரண்டாகிறது.

"தாராபுரத்துக்காரங்களை வரச் சொல்லு," என்றார் பொங்கியண்ணன்.

வேலுமணி மெஷினுக்குத் திரும்பினார். பாயில் இருந்த நஞ்சம்மாள், மடித்துக்கொண்டிருந்த பனியனைக் கையில் பிடித்தபடியே எழுந்து கட்டிங் மேசைக்கு வந்தார். மற்ற பெண்களின் கை நின்றது.

"ஏனுங்க மாஸ்டர், என்னையப் புடிக்காமச் சொன்னீங்களா, புடிச்சுப்போட்டுச் சொன்னீங்களா?"

"மாஸ்டரு மாட்டிக்கிட்டாரு!" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

பொங்கியண்ணன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "புடிச்சுத்தானுங்க அம்மிணி. எங்கப்பனுக்குத் தண்ணி வரும் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. அதே மாதிரி நானும் வந்து, உங்களை நல்லா வெச்சிருப்பேன்னு சொன்னா அது பொய்யுங்க."

"தண்ணி வருமான்னு நானு கேக்கலீங்களே."

பொங்கியண்ணன் மறுபடியும் கத்திரிக்கோலை எடுத்தார். நஞ்சம்மாள் நகரவில்லை.

"உங்க ஜெர்மன்காரரு பனியன் வெட்டியிருக்கறாருங்களா?"

"இல்லீங்க."

"கண்ணாலமாச்சும் கட்டுனாருங்களா?"

"அதும் இல்லீங்க."

பாயில் சிரிப்பு எழுந்தது. நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பனியனை மேசைமேல் விரித்தார்.

"இது தொவைச்சாச் சுருங்குமுங்களா?"

"சுருங்குமுங்க."

"சுருங்கும்னு தெரிஞ்சுபோட்டு, வெட்டவே மாட்டேன்னு துணியச் சுருட்டி வெச்சுட்டீங்களா? ஒரு அங்குலம் சேத்தித்தானுங்களே வெட்டறீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இதுக்கும் சேத்தி வெட்டுங்க."

போய்ப் பாயில் உட்கார்ந்து அடுத்த பீஸை எடுத்தார்.

பொங்கியண்ணன் அன்று மத்தியானம் மெதுவாக வெட்டினார். புத்தகம் மேசைக்கு அடியில், டிபன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்து எடுத்தார், பிரிக்காமல் மறுபடியும் வைத்தார். எதுவும் சுருங்கும் என்று ஜெர்மன்காரர் சொல்லியிருந்தார், உண்மைதான். ஆனால் அந்த ஒரு அங்குலத்தைப் பற்றி அவர் எந்தப் பக்கத்திலும் சொல்லவில்லை. அதைச் சேர்த்தது பொங்கியண்ணன்தான், இத்தனை வருஷமும், யாரும் சொல்லாமலே.

மெஷின்கள் நின்றதும் வாசலில் வேலுமணியைப் பிடித்தார்.

"ஏப்பா, தாராபுரத்துக்காரங்க வர வேண்டாம்."

"மத்தியானம் வரச் சொன்னயே?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்லுன்னுதானே கேட்ட?"

"உன்ர ஜெர்மன்காரன் ஒத்துக்கிட்டானாக்கும்?"

"அவரை நான் கேக்கலை."

வேலுமணி சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தாராபுரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஆடி பிறப்பதற்குமுன், நிச்சயம் செய்யும் வழக்கப்படி இரண்டு வீட்டாரும் கடைவீதிக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கினார்கள். பொங்கியண்ணன் குடையோடு போயிருந்தார். மழை வரவில்லை.