வேலியில் தொங்கிய கிளி

என் மனைவி மந்திரவாதிக் கதைகளை விரும்பி வாசிப்பாள். கோயில் திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் கற்கண்டுக்கும் நடுவே கிடக்கும் பெரிய எழுத்துப் புத்தகங்கள். மற்றவர்கள் பொழுதுபோக்காக வாசிப்பதை அவள் கைமருந்துப் புத்தகம் போல வாசித்தாள். இதில் வீட்டுக்கு உதவுவது எது என்பதே அவள் கேள்வி. நானோ யோக சாத்திரமும் ஆங்கில மனத்தத்துவமும் கற்றவன். கோபத்தின் இலக்கணத்தைப் பிழையில்லாமல் எழுதித் தருவேன். கோபத்தை அடக்க மட்டும் தெரியாது.

தபாற்காரர் "வாத்தியார் மெலிஞ்சு போனியள்" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு நாள், அந்தச் சொல் உறுத்த, பொழுது சாயும்வரை நான் முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் தன் தத்துவத்தை எனக்குச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, கதையிலை மந்திரவாதியின்ரை உயிர் கிளிக்குள்ளை இருக்கு. அந்தக் கிளி ஏழு கடலுக்கு அங்காலை, குகைக்குள்ளை. அவன் கெட்டிக்காரன். நீங்கள் உங்கடை கிளியை வேலியிலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறியள். போறவன் வாறவன் எல்லாம் கழுத்தைத் திருகிப் பாக்கிறான்."

எனக்கு நூல்கள் சொல்லாததை இது சொல்லிற்று. அன்று முதல் ஒவ்வொருவருடைய கிளியும் எங்கே என்று பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவரின் கிளி, அவர் அடுக்கி வைத்திருக்கும் குவியலில் இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். குவியலைப் புகழ்ந்த பிறகுதான் விலை கேட்பாள். பொய்யாகப் புகழமாட்டாள், குவியல் கோணலாக இருந்தால் வேறு ஆளிடம் போவாள். "உம்மடை கிளி எங்கை?" என்று ஒருமுறை கேட்டேன். "அதைச் சொல்ல எனக்கென்ன விசரோ?" என்றாள்.

எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. மற்றப் பங்கு அவளுடைய பெரியப்பாவின் மகனுக்கு. அவள் அவரை அண்ணை என்பாள், நான் அத்தான் என்பேன். அவர் என்னை வாத்தியார் என்பார், ஏதோ தொற்றுநோயின் பெயரைச் சொல்வது போல. ஒரு நாள் அவர் இறைப்பு, மறுநாள் எங்கள் இறைப்பு. அந்த ஆண்டு அவளுடைய சீதனக் காணியில் புகையிலை செழித்து நின்றது. எங்கள் வருடம் முழுவதும் அந்த இலைகளை நம்பியிருந்தது. மாசி வெயிலில் ஒரு முறை தண்ணீர் தவறினாலும் இலை சுருங்கிவிடும்.

அப்படியான ஒரு காலையில், எங்கள் முறையன்று, அத்தானின் ஆள் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்து இறைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அத்தானின் வாய்க்காலில் ஓடியது. நான் மண்வெட்டியோடு போனேன்.

"அத்தான், இண்டைக்கு எங்கடை முறையெல்லோ?"

"என்ன வாத்தியார், பள்ளிக்கூடம் இல்லையோ? மண்வெட்டி பிடிக்கிற சீரைப் பாரும், வெண்கட்டி பிடிக்கிற மாதிரி!"

துலா மிதித்தவனும் சிரித்தான். கோபம் என் கண்ணை மறைத்தது.

"உம்மடை கிளி எங்கை இருக்குதெண்டு எனக்குத் தெரியும்! கழுத்தைத் திருகிப்போடுவன்!"

அத்தான் கிளி வளர்ப்பவரல்லர். எங்கள் வீடோ மந்திரப் புத்தகம் வாசிக்கிற வீடு என்று ஏற்கெனவே பெயரெடுத்தது. ஆகவே நான் சொன்னதற்கு அவர் அகராதியில் ஒரே பொருள்: செய்வினை. அவர் முகம் வெளுத்தது. அப்போதே வண்டி கட்டி, கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் முழுகி, உடம்பெல்லாம் திருநீறோடு திரும்பி வந்து, தண்ணீர் இறைக்கும் ஓலைப் பட்டையையும் கயிற்றையும் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சூனியக்காரர் பங்குள்ள கிணற்றில் இனி இறைப்பில்லை என்று சொல்லியும் அனுப்பினார். அவருடைய புகையிலையும் வாடத்தான் செய்யும். ஆனால் பங்காளியின் பயிர் வாடுவதைப் பார்க்கக் கிடைத்தால் எங்கள் பகுதியில் அதையெல்லாம் ஒரு நட்டமாகக் கருதுவதில்லை.

அவள் என்னை ஏசவில்லை. "அண்ணையின்ரை கிளி எங்கையெண்டு உங்களுக்கு உண்மையாத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சால் திருகிறதுக்கில்லை, தீன் வைக்கிறதுக்கு. வாங்கோ. வாயைத் திறக்கக் கூடாது."

அத்தான் எங்களைக் கண்டதும் கதவுப் பக்கமாக ஒதுங்கினார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணை, பெரியப்பா காலத்திலையிருந்து ஒவ்வொரு வருஷமும் முதல் இறைப்பிலை முதல் பட்டை உங்கடை கை. இந்த வருஷம் நீங்கள் வரமுன்னம் எங்கடை கூலியாள் இறைச்சுப்போட்டான்."

அவர் தூணைப் பார்த்தார். "அதைப் பற்றி இப்ப ஆர் கதைச்சது?"

"ஒருத்தரும் கதைக்கேல்லை. அதுதான் பிழை. மூத்தவர் நீங்கள் இருக்க அப்பிடி நடந்திருக்கக் கூடாது."

அவர் கதவை விட்டு ஓரடி முன்னுக்கு வந்தார். பிறகு என்னைக் காட்டி, "அப்ப உவர் கழுத்தைத் திருகிறன் எண்டது?" என்றார்.

"அது கதைப் புத்தகத்துக் கிளி அண்ணை. உவராலை ஒரு கோழியின்ரை கழுத்தைத் தன்னும் திருகேலுமோ? பாருங்கோவன் ஆளை!"

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். என் மானம் போயிற்று, கிணறு திறந்தது.

மறுநாள் விடிய அவரே பட்டையோடு வந்தார். யாருடைய முறை என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் பட்டையைத் தன் கையால் இழுத்து எங்கள் வாய்க்காலில் ஊற்றினார். அவள் சேற்றில் நின்று, வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினாள். மத்தியானத்துக்குள் கடைசி வரிசையும் நனைந்தது.

வீட்டுக்கு வந்தவள் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"என்ன, காய்ச்சலோ?"

"இல்லை. கதையிலை மந்திரவாதி பெரிய மந்திரம் ஒண்டு போட்டாப் பிறகு மயங்கி விழுறவன். அந்தப் பக்கத்தை ஒருத்தரும் வடிவா வாசிக்கிறேல்லை."

தண்ணீர் மாறிய களைப்பை அவள் சொல்லவில்லை. முதல்நாள் அத்தானின் வாசலில் நின்று பேசிய அந்த நாலு சொல்லைத்தான் சொன்னாள். பொறுமை அவளுக்கு ஊற்றுப் போலத் தானாகச் சுரக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அதுவும் இறைப்புத்தான், அவள் தனியாக மிதிக்கிற துலா என்பது அன்று விளங்கிற்று.

நான் போய் உலை வைத்தேன். சோறு மேலே அரிசியாகவும் கீழே கரியாகவும் வந்தது. அவள் எழுந்திருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டாள். அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்ல அவளுக்குப் பலம் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது.