எங்கள் டீம் தோற்க வேண்டுமென்று கத்திய சனிக்கிழமை

எங்கள் பட்டறை ஃபுட்பால் டீமுக்கு வருஷா வருஷம் ஷீல்டு வாங்கிக் கொடுத்த மானேஜரை, நாலு மேட்ச் தோற்றதும் கமிட்டி நீக்கிவிட்டது. ராயபுரமே கொதித்தது. முந்தின வாரம் அவர் மேல் மண்ணாங்கட்டி வீசியவர்கள்தான் அதிகமாகக் கொதித்தார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மானேஜர் என்றதும் கோட்டும் தொப்பியும் என்று நினைக்க வேண்டாம். பட்டறையில் பாய்லர் மேஸ்திரி. சாயங்காலமானால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் பையன்களை விரட்டுவார். சம்சாரம் போன பிறகு அவருக்கு வீடு என்று இருந்ததே அந்த மைதானம்தான். அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

கள்ளுக்கடையில் கூட்டம் போட்டோம். அவரைத் திரும்ப எடுக்கிறவரை எவனும் மைதானத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். சனிக்கிழமை சாயங்காலம் நான் சும்மா அந்தப் பக்கம் போனேன். சத்தியம் செய்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கோட்டோரம் நின்றிருந்தார்கள்.

"இன்னா மாமு, நீயும் வந்துகீறே?" என்றேன் ஒருவனிடம்.

"மேட்ச் பாக்க வர்லபா. எவன் எவன் வந்துகீறான்னு பாக்க வந்தேன்."

எல்லாருமே அதற்காகத்தான் வந்திருந்தோம். வந்தது வந்தோம், நம் டீம் தோற்க வேண்டுமென்று கத்துவோம், தோற்றால்தான் கமிட்டிக்குப் புத்தி வரும் என்று முடிவாயிற்று. யோசனை என்னுடையது. பிரமாதமான யோசனை என்று எனக்கு நினைப்பு.

புது மானேஜர் மயிலாப்பூரிலிருந்து வந்துபோகும் ஆபீஸ் குமாஸ்தா. தங்கமான மனுஷர், தமிழ்தான் வேறு. பந்து எங்கள் கோல் கம்பத்தை ஒட்டி, தானாக வெளியே உருண்டுகொண்டிருந்தது. தொடாமல் இருந்தால் போதும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "விடு! விடு!" என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் பந்து காலடியில் இருக்கும்போது 'உடு' என்றால், ஓங்கி ஒன்று உடு என்றுதான் அர்த்தம். எங்கள் பையன் பாய்ந்துபோய் விட்டான் ஒரு உதை. பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது.

கோட்டோரம் ஒரே குதியாட்டம். துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்த என் பிடரியில் ஒரு அடி விழுந்தது. திரும்பினால் பழைய மானேஜர்.

"நம்ம பசங்க கோல் வாங்கிகினு நிக்கிறானுங்க, உனுக்குக் கூத்து கேக்குதா, கஸ்மாலம்?"

"தோத்தாத்தான் நைனா உன்னியத் திருப்பிக் கூப்புடுவானுங்க."

"என்னியத்தானேடா தொரத்துனானுங்க? டீமு இன்னாடா பண்ச்சு?"

அதற்குமேல் என்னோடு பேச அவருக்கு நேரமில்லை. கோட்டோரமாகவே ஓடி ஓடிப் பையன்களைத் திட்டினார். அச்சில் ஏற்ற முடியாத திட்டு. அதைக் காதில் வாங்கியதும் பையன்களுக்கு உயிர் வந்தது. ஒரு கோல் திருப்பினார்கள். அடுத்த கோல் விழுந்தபோது நாங்களும் சத்தியம், யோசனை எல்லாவற்றையும் மறந்து தொண்டை கிழியக் கத்தினோம். ஜெயித்துத் தொலைத்தோம்.

கமிட்டித் தலைவர் புது மானேஜர் கழுத்தில் மாலை போட்டு, இவர் ராசியான ஆள், வருகிற வருஷமும் இவரே என்று அறிவித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். பழைய மானேஜர் பக்கத்தில் வந்தார். என் இரண்டு கைகளையும் பிரித்துப் பிடித்து, ஒன்றோடொன்று தட்டினார்.