மாமா சொன்ன அறுபது பிள்ளைகள்

என் மாமாவின் வாயிலிருந்து எந்தக் கணக்கும் மூன்று மடங்காகித்தான் வெளியே வரும். நூறு பேர் வந்த கல்யாணத்தை முந்நூறு பேர் என்பார். வழியில் ஒரு பாம்பைப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது குடும்பத்தோடு வந்த பாம்பாகியிருக்கும். அம்மாவுக்குத் தம்பி என்பதால் வீட்டில் யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. ‘அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான்’ என்பதோடு விட்டுவிடுவார்கள். அந்தக் குணத்தால் எங்கள் காலனிப் பிள்ளைகள் பாதிப்பேர் ஒருநாள் வயதைக் குறைத்துக்கொண்டு உட்கார வேண்டி வந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டி, மைன்ஸுக்குப் போகும் ரோட்டோரம் இருந்தது காலனி. ஆண்களுக்குப் பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. பெண்கள் காலையில் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார்கள். பர்மனென்ட் ஆனவர்கள் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆகாதவர்கள் அடுத்த வருடம் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே இருந்தார்கள். என் அப்பா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அடுத்த வருடம் பர்மனென்ட் ஆகிக்கொண்டிருந்தார்.

அரசாங்கப் பால்வாடி ரோட்டுக்கு அந்தப் பக்கம். இரவும் பகலும் லாரி போகிற ரோடு அது, சின்னப் பிள்ளைகளை அனுப்ப முடியாது. அதனால் காலனிக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகையில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. விழுப்புரத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்த ஓர் அம்மா நடத்தினார். அவரை எல்லோரும் மிஸ் என்போம். என் அப்பாவும் மிஸ் என்பார். முடிந்தவர்கள் மாதம் ஏதோ கொடுப்பார்கள், முடியாதவர்கள் முருங்கைக்காய் கொடுப்பார்கள். இருபது பிள்ளைகள் பாட்டுப் பாடி, அ ஆ எழுதி, மத்தியானம் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். அதற்குள் தாய்மார்கள் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அந்த வருடப் புயலில் கொட்டகையின் கூரை பறந்துபோனது. ஒரு தகரம் பக்கத்துத் தைலமரத் தோப்பில் வளைந்து கிடந்தது. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடந்தது. தீமிதித் திருவிழா வந்ததும் அங்கேயும் இடமில்லை என்றாயிற்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்.

காலனிக்கு இது நல்ல அடி. எங்கள் வீட்டில் அது அக்காவின் தலையில் விழுந்தது. அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அவர் பாத்திரம் தேய்க்கும் மூன்று வீடுகளும் வேறு ஆளை வைத்துக்கொள்ளும். தம்பிக்கு மூன்று வயது, தனியாக விட முடியாது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த அக்காவை அம்மா நிறுத்திவிட்டார்.

“கூரை போடுற வரைக்கும் நீ வூட்ல இருடி. போனா ஒரு வருசம் போவுது,” என்றார்.

அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, நான் பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் தாங்க முடியாத பொறாமை. நான் ரெண்டாவது படித்தேன். வீட்டுப்பாடம் இல்லை, பிரம்பு இல்லை, நினைத்தபோது டீ போட்டுக் குடிக்கலாம். அவளுக்கு மட்டும் இந்த அதிர்ஷ்டம் எப்படி அடித்தது என்று நினைத்தேன். நானும் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்துவிட்டார். அந்த மாதத்துக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று அக்காவின் வகுப்பு டீச்சர் என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். நான் அதை வீட்டில் வந்து ஒரு நல்ல செய்தியைப் போலச் சொன்னேன். அன்று அக்கா சாப்பிடவில்லை. அவள் பங்குக் கருவாட்டையும் நானே தின்றேன்.

கூரைக்காக நன்கொடை கேட்டு மிஸ்ஸும் காலனிப் பெண்களும் குவார்ட்டர்ஸ் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கை ஒடிந்த நாற்காலிகள் வந்தன. ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று வந்தது. ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன ஒரு சார் பெரிய உலக உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பலகை மட்டும் மூன்று சேர்ந்தது. காலனியிலேயே வெல்டர்கள் இருந்தார்கள். கம்பி வேலையைக் கூலியில்லாமல் செய்து தருகிறோம் என்று அவர்களே வந்து சொன்னார்கள். ஒருவர் பெயின்ட் தந்தார். கூரைத் தகரம் ஒன்றைத் தவிர எல்லாம் வந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உலக உருண்டையைப் பிள்ளைகள் உதைத்து விளையாடி, ஒரு பக்கத்துக் கடல் முழுக்க நசுங்கிவிட்டது.

அப்போதுதான் மாமா உள்ளே நுழைந்தார். அவர் பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய முதலாளி கோயில், பள்ளிக்கூடம் என்றால் கொடுக்கிறவர். நல்ல நேரம் பார்த்து மாமா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். முதலாளியும் கூரையை நானே போட்டுத் தருகிறேன், பிள்ளைகளை ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதுதான் தப்பாகப் போயிற்று.

“அறுவதுன்னு சொல்லிட்டேங்க்கா,” என்றார் மாமா, அம்மாவிடம்.

“அடப்பாவி, இருவது புள்ளைக்கி எங்கடா போயி அறுவது?”

“இருவதுன்னு சொன்னா, இருவது புள்ளைக்கி எதுக்குப்பா கூரைன்னு கேட்டுட்டா?”

மாமா சோர்ந்துபோகிற ஆள் இல்லை. மறுநாளே காலனியில் ரெண்டாவதும் மூணாவதும் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, எங்கள் வீட்டுச் சுவரோரம் நிறுத்தினார். தலை ஜன்னல் கட்டைக்குக் கீழே இருந்தால் சின்னப் பள்ளிக்கூடம். மேலே போனால் வீட்டுக்குப் போகலாம். நான் நுனிக்காலில் எம்பி நின்று பார்த்தேன். மாமா தோளைப் பிடித்து அழுத்திவிட்டார். முப்பதுக்கும் மேலே தேறியது. மீதிப் பேருக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

“இது ஏமாத்து வேலைங்க. நாளைக்குப் புள்ளைங்களுக்கு நான் இன்னா சொல்லித் தர்றது?”

“எல்லாம் உங்ககிட்ட படிச்ச புள்ளைங்கதான மிஸ்? ஒரு நாளைக்கித் திரும்பி வந்து ஒக்காந்தா இன்னா தப்பு?”

மிஸ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றிருந்த அக்கா, “ஒரு நாளைக்கிதான மிஸ்,” என்றாள். சத்தம் பாதிதான் வெளியே வந்தது, உதடு மட்டும்தான் அசைந்த மாதிரி இருந்தது. மிஸ் அவளையும் அவள் இடுப்பிலிருந்த தம்பியையும் பார்த்தார். அப்புறம் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு எங்களைப் பழக்குகிற வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள். அதுவரை எல்லோரும் எனக்குத் தெரியாததைத்தான் சொல்லித் தந்திருந்தார்கள். இவள் தெரிந்ததை மறக்கச் சொன்னாள்.

“வாய்ப்பாடு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. அ, ஆ, இ வரைக்கும் சொல்லு, அப்பறம் முழி.”

“எனக்கு ஃ வரைக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா ஒதப்பேன்,” என்றாள்.

மூணாவது படிக்கிற பையன் ஒருவனுக்கு முழிக்கவே வரவில்லை. அவனை மட்டும் சாயங்காலம் தனியாக உட்கார வைத்து முழிக்கப் பழக்கினாள். விளையாட்டுக்குக்கூட அதட்டாதவள், அந்த நாலைந்து நாளும் எங்களை மிரட்டிய மிரட்டில் பிரம்பு வைத்த டீச்சரே தேவலை என்றிருந்தது.

முதலாளி வருகிற நாள் வந்தது. பந்தல்காரர் காசு வாங்காமல் ஒரு சாமியானா கட்டி, பட்டப்பகலில் சீரியல் பல்பையும் எரியவிட்டிருந்தார். எனக்கு உச்சிக்குடுமி போட்டு, முகமெல்லாம் பவுடர் அப்பி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். ரெண்டாவது படிக்கிற ஒருத்திக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை. என் பக்கத்தில் நிஜமான மூன்று வயதுக்காரன் ஒருவன் உட்கார்ந்து, இது யாரடா புதிதாக என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி பழைய வெள்ளைக் காரில் வந்தார். வேட்டி சட்டை, தோளில் துண்டு, கொஞ்சம் மூச்சுவாங்கும் உடம்பு. கூடவே வடலூர் ஸ்டுடியோவிலிருந்து ஒரு போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமா முன்னால் ஓடி நாற்காலியைத் துடைத்தார். நாங்கள் பாட்டுப் பாடினோம். பெரிய பிள்ளைகளின் குரல் மேலே போய், மிஸ் கண்ணைக் காட்டியதும் இறங்கியது. மூணாவது படிக்கிற பையனிடம் முதலாளி ஏதோ கேட்டார். அவன் மிக நன்றாக முழித்தான். அக்கா வாசல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி உள்ளே மற்றப் பிள்ளைகளோடு இருந்ததால் அவள் இடுப்பு காலியாக இருந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். முதலாளி கொண்டுவந்த முந்திரிப் பருப்பை அவரே கையால் அள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எனக்கு முன்னால் இருந்தவன் எண்ணிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஏழுதான். அவனுக்கு மட்டும் ஒம்போது,” என்று அழ ஆரம்பித்தான்.

“அவங்கிட்டேருந்து ஒண்ணு வாங்கிக்க. ரெண்டு பேருக்கும் எட்டெட்டு ஆயிடும்,” என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் என் தப்பு தெரிந்தது. மிஸ் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மாமா வானத்தைப் பார்த்தார். வாசலில் அக்காவின் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். அவளுக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். கோபம் இல்லை. கையிலிருந்து ஏதோ கிணற்றில் விழுந்துவிட்டவளைப் போல நின்றாள்.

முதலாளி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“கணக்கு நல்லாதாம்மா சொல்லிக் குடுக்கறீங்க,” என்றார் மிஸ்ஸிடம். அவ்வளவுதான். அடுத்த பிள்ளைக்குப் பருப்பை அள்ளப் போய்விட்டார்.

கடைசியில் போட்டோ. எங்களை வரிசையாக நிறுத்தி, முதலாளி நடுவில் உட்கார்ந்தார். போட்டோக்காரர் “எல்லாரும் சிரிங்க” என்றார். எல்லோரும் வாய் நிறையச் சிரித்தோம். முதலாளி திரும்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எங்களை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். காலமெல்லாம் பருப்பை முழுசு, ஒடைசல் என்று தரம் பிரித்த மனிதர். மாமாவோ உயரத்தை மட்டும்தான் அளந்திருந்தார்.

“பசங்களா, வாய மூடிகினு சிரிங்க,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. புதிதாக விழுந்த இரண்டு முன்பல்லின் ஓட்டையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்த நாட்கள் அவை. போட்டோவில் அது வராமல் செய்துவிட்டாரே என்று அந்த மனிதர்மேல் நெடுநாள் கோபம் இருந்தது. இப்போது என் மகளுக்கு ஆறு முடிந்து முன்பற்கள் விழ ஆரம்பித்ததும்தான், மூன்று வயது, நாலு வயது என்று சொல்லி நிறுத்திய வரிசையில் பாதி வாய்கள் பொக்கையாக இருந்திருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. அந்த போட்டோ இன்னும் சின்னப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஐம்பது பிள்ளைகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, ஏதோ துக்கத்தை அடக்குகிறவர்களைப் போலச் சிரிக்கிறோம்.

அன்று காரில் ஏறப்போன முதலாளி அக்காவைப் பார்த்து நின்றார்.

“நீ ஏம்மா போட்டோல நிக்கல?”

“நான் இந்தப் பள்ளிக்கூடம் இல்லைங்க.”

“பின்ன எந்தப் பள்ளிக்கூடம்?”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “கூரை வந்துட்டா, கெவுர்மெண்டு ஸ்கூலுங்க. ஏழாவது,” என்றாள்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். தகரம் அந்த வாரமே லாரியில் வந்து இறங்கியது. வெல்டர்கள் ஷிப்ட் முடித்த கையோடு வந்து இரண்டே நாளில் கூரையைப் போட்டார்கள். மாமா அதன்பின் வெகுகாலம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் முதலாளி மூன்று காரில் வந்தார்.

இதையெல்லாம் ஞாபகமிருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டால், “உனக்கு வேற வேலையே இல்லியா,” என்பாள். எனக்குக் கூரை போட்ட பிறகு வந்த திங்கட்கிழமைதான் நன்றாக ஞாபகமிருக்கிறது. அக்கா யூனிபார்மை முந்தின நாளே துவைத்து, மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் தம்பியைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் விட்டாள். அவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். காலனி முனை வரைக்கும் நடந்தாள். ரோட்டைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள். பை முதுகில் அடிக்க அடிக்க ஓடினாள். நான் நில்லு நில்லு என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன், அவள் நிற்கவில்லை. பெல் அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. வீட்டில் சும்மா இருந்து பழகியவளுக்கு மணி பார்க்கக்கூட மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் மெதுவாக நடந்தே போனேன்.