மாப்பிள்ளைக் காருக்குப் பெரிய கார்புரேட்டர்

ஆரணிப் பக்கம் இந்த இருபது வருஷத்தில் தாலி கட்டிய ஆண்களில் பாதிப் பேர் மணிமேகலையின் பிஸ்கட்டைத் தின்றவர்கள். மாப்பிள்ளை அழைப்பு என்று பெயர்தானே தவிர, அந்தப் பரபரப்பில் மாப்பிள்ளை சாப்பிட்டானா என்று ஒருவரும் கேட்பதில்லை. மணிமேகலை கேட்பாள். பின்சீட்டில் மாலையோடு விறைத்து உட்கார்ந்திருப்பவனைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, டிரைவர் சீட்டிலிருந்தே ஒரு பாக்கெட்டை நீட்டுவாள்.

"தின்னுப்பா. அப்பால உன்ன எவனும் கண்டுக்க மாட்டான்."

அவள் புருஷன் சந்திரமோகன் பட்டு நெசவாளர். நெய்த புடவைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பழைய பியட் காரை வாங்கினார். தறியில் அத்தனை ஆயிரம் இழைகளை அறுபடாமல் ஆளுகிற மனிதருக்கு ஒரு ஸ்டியரிங்கை ஆளத் தெரியவில்லை. கமண்டல நாகநதிப் பாலத்தில் எதிரே ஓர் எருமை வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார். நல்லவேளை, எருமைக்கு விவரம் போதும், அதுவே ஒதுங்கிக்கொண்டது. மறுநாள் மணிமேகலை சாவியை வாங்கி இடுப்பில் செருகியவள்தான். அதற்குப் பிறகு அவர் முன்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதோடு சரி.

ஊர்வலத்துக்கு வந்தது தற்செயல். தெருவில் ஒரு கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த கார் வராமல் போக, இவள் பியட்டைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பொம்பளை ஓட்டுவதா என்று மூக்கைச் சுளித்தவர்கள், கோயிலிலிருந்து மண்டபம் போய்ச் சேர்வதற்குள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர்வலக் கார் ஓட்டுவதென்றால் ஓட்டுவதா அது? நாகஸ்வரக்காரர் நின்றால் நிற்க வேண்டும், அவர் நாலடி நகர்ந்தால் நாலடி நகர வேண்டும், குலுக்கக் கூடாது, அணையக் கூடாது. மணிமேகலை கிளட்சைப் பாதியில் பிடித்து வைத்தால், கார் புதுப்பெண் மாதிரி நடக்கும். அவள் காரை ஊர்வலத்தில் ஒருநாளும் யாரும் தள்ளியதில்லை. வழியில் நிற்கும் மாப்பிள்ளைக் காரைச் சகுனத் தடை என்று சொல்லும் ஊரில் இது சின்னப் பெயர் இல்லை. நாகஸ்வரம் குமரேசன், "மேகலையம்மா கார்னா நா திரும்பியே பாக்க மாட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்வார்.

ஊரார் பிள்ளைகளை எல்லாம் மண்டபம் சேர்த்தவளுக்கு மனசுக்குள் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தன் மகன் கோகுல்ராஜின் மாப்பிள்ளை அழைப்புக்கும் தானே கார் ஓட்ட வேண்டும். சேத்துப்பட்டில் பெண் அமைந்தது. பெண் எழிலரசி, பேச்சில் கெட்டிக்காரி. எல்லாம் கூடி வந்த நேரத்தில் மகனே குறுக்கே நின்றான்.

"அம்மா, நா ஓப்பன் கார் சொல்லிட்டேன். உன் கார் வோணாம்."

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. செய்யாறு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை அவனுக்கு. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு அம்மாவோடு காரில் போனான். பாதி வழியில் கார் இளைக்க ஆரம்பித்தது. தவறவிட்ட அதே கம்பெனி பஸ், வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்து இவர்களைத் தாண்டிப் போனது. ஜன்னலுக்கு ஒரு தலையாக நீட்டிக் கைதட்டினார்கள். அன்றைக்கிலிருந்து கம்பெனியில் அவனுக்கு "மாட்டுவண்டி" என்று பெயர்.

"சேத்துப்பட்டு வரைக்கும் எங்கியும் நிக்காம, இளைக்காம வந்துச்சுன்னா ஒத்துக்குவியா?" என்று மணிமேகலை கேட்டாள்.

"வந்தா பாக்கலாம்" என்றான், வராது என்ற தைரியத்தில்.

அவனுடைய அத்தை சாவித்திரி வேறு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா சீர்த்தட்டு ஏந்திப் பின்னால் நடக்க வேண்டியவள், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று.

"தட்ட நீங்க புடிங்க அண்ணி, ஸ்டியரிங்க நா புடிக்கிறேன்" என்று முடித்துவிட்டு மணிமேகலை நேராக மெக்கானிக் வீரபாகுவிடம் போனாள்.

வீரபாகு பானெட்டைத் திறந்து பார்த்தான். "அக்கா, இதுக்கு மூச்சு பத்தல. வேற ஒண்ணும் இல்ல." எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டர் சின்னது. காற்று வரும் வழியில் உட்கார்ந்திருந்த தகரப் பெட்டிக்குள் ஃபில்டர் அடைத்துக் கிடந்தது. அவன் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து பெரிய கார்புரேட்டர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். தகரப் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளியே தெரிகிறாற்போல் கூம்பு மாதிரி ஒரு வலை ஃபில்டரை மாட்டினான். எதையும் தூக்கிப் போடும் பழக்கம் இல்லாத மணிமேகலை, கழற்றிய கார்புரேட்டரையும் தகரப் பெட்டியையும் புது ஃபில்டர் போட்டுத் துடைத்து, கிழிந்த புடவையில் சுற்றி டிக்கியில் வைத்தாள்.

வந்தவாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆஹா! மிதித்த மாத்திரத்தில் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. மணிமேகலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு வேனைத் தாண்டினாள், பிறகு ஒரு பஸ்ஸைத் தாண்டினாள், அப்புறம் தாண்டுவதற்காகவே தேடித் தேடித் தாண்டினாள். வீரபாகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "சூப்பர்க்கா, சூப்பர்க்கா" என்றான். ஊர்வலக் காரை ஊர்வல வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அழைப்பு நாள் அன்று ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுக்குக் கார் பறந்தது. ஊருக்குள் நுழையும்போது கோகுல்ராஜ் போனை எடுத்து ஓப்பன் காரை வேண்டாமென்று சொன்னான். அவன் சொன்னதைக் கேட்டு மணிமேகலைக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு மாப்பிள்ளையைக் காரில் ஏற்றினார்கள். முன்னால் குமரேசனின் நாகஸ்வரமும் தவிலும். பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சீர்த்தட்டோடு சாவித்திரி. ஓரமாகக் கம்பெனி நண்பர்கள். மணிமேகலை கிளட்சைப் பாதியில் பிடித்தாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பெரிய கார்புரேட்டருக்குப் பாயத்தான் தெரிந்தது, நடக்கத் தெரியவில்லை.

வீரபாகு கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். பானெட்டுக்குள் திருகாணியைத் திருகி எஞ்சினின் வேகத்தைக் கூட்டினான். இப்போது கார் அணையவில்லை, துரத்தியது. குமரேசன் இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அடியை எட்டிப் போட்டார். கால் வேகமாகப் போனால் வாசிப்பும் வேகமாகத்தானே போகும்? தவில்காரர் அடித்த அடிக்கு, நடந்து வந்த கிழவர்கள் ஓட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்குத் திறந்த ஃபில்டரின் உறுமல் நாகஸ்வரத்தையே அமுக்கியது.

"ஏண்டி மேகலை, கல்யாணத்துக்குப் போறமா, சண்டைக்குப் போறமா?" என்று சாவித்திரி பின்னாலிருந்து கத்தினாள். தட்டிலிருந்து தேங்காய் ஒன்று உருண்டு ஓடியது.

மணிமேகலை பிரேக்கை மிதித்தாள். கார் இருமிவிட்டுக் கடைத்தெரு நடுவில் நின்றுபோனது. எத்தனை திருகியும் கிளம்பவில்லை. கிளட்ச் கருகிய வாடை அடித்தது. "மாட்டுவண்டி" என்று யாரோ மெதுவாகச் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

"ம்மா, நாங்க தள்ளிகினே போயிடறோம்" என்று ஒரு நண்பன் முன்வந்தான்.

மற்றவர் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் நேராத அவமானம் தன் பிள்ளைக்கு, அதுவும் தன் கையால். "தள்ளுங்கப்பா" என்றாள் மணிமேகலை, யார் முகத்தையும் பார்க்காமல்.

பின்கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினான்.

"மண்டபம் சேர்ற வரைக்கும் எறங்கக் கூடாதுடா!" என்று சாவித்திரி அலறினாள்.

"எறங்காம எப்படி அத்தை ஸ்பானர் புடிக்கிறது?" என்றான் கோகுல்ராஜ். நண்பர்கள் பக்கம் திரும்பினான். "எங்கம்மா காரை ஒருத்தனும் தள்ளுனது இல்ல. கைய எடுங்கடா." பிறகு அவளிடம், "பழச தூக்கிப் போட்டிருக்க மாட்டியே, எங்க வச்சிக்கிற?"

"டிக்கியில" என்றாள்.

மாலை சந்திரமோகன் கழுத்துக்குப் போனது. அதோடு அவர் அங்கேயே நின்று வெற்றிலை போட்டார். பட்டு வேட்டி இரண்டும் பானெட்டுக்குள் குனிந்தன. குமரேசன் பார்த்தார், நடுத்தெருவிலேயே சாவகாசமாக ஒரு ராகத்தை எடுத்தார். கடைக்காரர்கள் கல்லாவை விட்டு வெளியே வந்தார்கள். சோடா வந்தது. யாரோ நாற்காலி போட, சாவித்திரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தலையாட்ட ஆரம்பித்தாள். எழிலரசி போன் செய்தாள்.

"இன்னாங்க, வர்ற எண்ணம் இருக்குதா இல்லியா? நா வேற ஆளு பாக்கட்டா?"

"எங்கம்மா காருக்கு மூச்சு மாத்திகினு இருக்கேன், இதோ வந்துட்டேன்" என்றான் மாப்பிள்ளை, தோளில் போனை இடுக்கிக்கொண்டு.

பழைய கார்புரேட்டர் ஏறியது, தகரப் பெட்டியும் அதன் இடத்தில் உட்கார்ந்தது. மணிமேகலை சாவியைத் திருகினாள். கார் அடங்கிய குரலில் பேச ஆரம்பித்தது. கோகுல்ராஜ் கையைத் துடைத்து, மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினான். சட்டைக் கையில் கறுப்பு மசி அப்படியே இருந்தது. அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பின்னால் நீட்டினாள்.

கிளட்சைப் பாதியில் பிடித்தாள். கார் நடந்தது. குமரேசன் வாசித்துக்கொண்டே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் மண்டபத்து விளக்குகள் தெரிந்தன.

பின்சீட்டிலிருந்து மகன் முன்னால் குனிந்து, வாய் நிறைய பிஸ்கட்டோடு அவள் காதருகே சொன்னான்:

"இன்னும் கொஞ்சம் மெதுவா போம்மா."