ஸ்பீக்கர் வந்தால் மாலை போடவும்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் வைப்பான். அவனுக்கு வேலை சொல்கிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் அவனுக்கு விளங்காது. அறுபதுகளில் தாராவியில் நானும் செல்லையா அண்ணாச்சியும் கூட்டாக அப்படி ஒரு கடை ஆரம்பித்தோம். குழாய் ஸ்பீக்கர், ஒரு பெட்டி ரிக்கார்டு, கொஞ்சம் சீரியல் பல்பு, அவ்வளவுதான் எங்கள் ஆஸ்தி. அண்ணாச்சி பம்பாய் இந்தியில் பொளந்து கட்டுவார். எழுதப் படிக்க மட்டும் வராது. யாரிடமாவது வேலை வாங்கியோ, யாருக்காவது வேலை செய்தோ தலையில் அடித்துக்கொண்டவர்களுக்கு எங்கள் பாடு நன்றாகவே புரியும்.

மாமா வீடு

மாதுங்காவிலிருந்து ஆபீஸ்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு செட் கேட்டு வந்தார். விலாசம் கேட்டதற்கு, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவைச் சொல்லி, வாழைமரம் கட்டியிருக்கும், வாசலில் மாமா என்று கேட்டால் போதும் என்றார். விடிந்ததும் போனோம். வாழைமரம் இருந்தது. ‘மாமா’ என்று கூப்பிட்டேன். அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சரியான வீடுதான் என்று குழாயைக் கட்டிப் பாட்டைப் போட்டோம்.

அது முகூர்த்த நாள். அதே தெருவில் இன்னொரு வீட்டிலும் வாழைமரம் கட்டியிருந்தார்கள் என்பது, எங்களுக்கு வேலை சொன்னவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தபோதுதான் தெரிந்தது. அங்கே பாட்டே இல்லாமல் தாலி கட்டி முடித்துவிட்டார்களாம். நாங்கள் செட் கட்டிய வீட்டிலோ, இது மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று பெண்ணின் அப்பா எல்லோரிடமும் புகழ்ந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் அசடு வழிந்துகொண்டு குழாயை அவிழ்த்தபோது, பெண்ணின் அப்பா என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: “தயவு பண்ணி இதை யார்கிட்டேயும் சொல்லிடாதேப்பா. எங்க சம்பந்தி ஆயுசுல பண்ணின ஒரே தாராளம் இது.”

ஸ்பீக்கர்

வாய்ப்பேச்சை நம்பினால் இதுதான் கதி என்று, எதுவானாலும் எழுதிக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு அதன் செயலாளர் அப்படியே செய்தார். தாதருக்குப் பூ வாங்கப் போகும் அவசரத்தில், வாசலில் நின்ற தொண்டரிடம் ஒரு சீட்டு கொடுத்துவிட்டுப் போனார்: ‘ஸ்பீக்கர் வந்தால் மாலை போட்டு, டிபன் கொடுத்து, மேடையில் உட்கார வைக்கவும். மைக்காரர் வந்தால் பின்பக்கக் கம்பத்தில் ஏறச் சொல்லவும்.’

செல்லையா அண்ணாச்சி கைவண்டியோடு போய், “ஸ்பீக்கர் வந்திருக்கு” என்றார். தொண்டர் அவர் கழுத்தில் மாலையைப் போட்டு, கேசரியும் வடையும் கொடுத்து மேடையில் உட்கார வைத்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் நல்ல மனிதர்கள் என்று அண்ணாச்சியும் இரண்டாவது வடை கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மெலிந்த, கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, மைக் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். தொண்டர் அவருக்குக் கம்பத்தைக் காட்டினார். அவர் மதுரையிலிருந்து ரயிலேறி வந்த தமிழ்ப் பேராசிரியர். செயலாளர் திரும்பி வந்தபோது, அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பத்தில் ஓர் ஆள் உயரம் ஏறியிருந்தார். பதறிப்போய் இறக்கிவிட்டவரிடம் பேராசிரியர் கோபமே இல்லாமல் சொன்னார்: “மற்ற விவரங்கள் நேரில் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இதுதான் அந்த விவரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.”

நிறுத்தவும்

தோல் பட்டறை வைத்திருந்த ராமநாதபுரத்து பாய் ஒருவர், வீட்டு விசேஷத்துக்கு எல்லாவற்றையும் வாயாலும் சொல்லி, எழுதியும் கொடுத்தார். அதில் ஒரு வரி, ‘பெரியவர் பேசும்போது நிறுத்தவும்’. பெரியவர் என்றால் அவருடைய மாமனார். நான் அதை அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டிவிட்டு செம்பூரில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். எதை நிறுத்த வேண்டும் என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ரிக்கார்டு பாட்டைத்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி மைக்கை நிறுத்திவிட்டார். பெரியவர் பேசுவதை விடும்போது மைக்குக்கு உயிர் வரும். வாயைத் திறந்ததும் போய்விடும். குடும்பத்தில் யார் யார் சரியில்லை என்று அவர் வெகுநேரம் பேசியிருக்கிறார். ஜனங்களுக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது. இருமல் மட்டும் தெருமுனை வரை கேட்டது. மறுநாள் திட்டு வாங்கத் தயாராகப் பட்டறைக்குப் போனேன். பாய் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து மாமா பேச்சை நான் நிம்மதியாக் கேட்டது நேத்துத்தான்.”

போடு

இது சிரிப்பாக முடிந்திருக்க வேண்டியதில்லை. திலக் நகரில் ஒரு விழாவுக்கு அண்ணாச்சி உயரத்தில் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். கையில் மேல்தோல் உரித்த கம்பி. கீழே நான் கயிறோடு நின்றேன். ஸ்விட்ச் பக்கம் மராத்திக்கார வாட்ச்மேன். நாங்கள் ஒருவருக்கொருவர் ‘போடு, போடு’ என்று சொல்லி ஸ்விட்ச் போடுவதைப் பார்த்து, அவர் தமிழில் அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டிருந்தார்.

“கயித்தைப் போடு” என்று அண்ணாச்சி மேலிருந்து கத்தினார். நான் கயிற்றை வீசுவதற்குள் பல்பெல்லாம் எரிந்தது. அண்ணாச்சி தூக்கி எறியப்பட்டு, பந்தல் துணியில் விழுந்து, அது கிழிந்து தரைக்கு வந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன், கண்ணைத் திறந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு விலகியதோடு போயிற்று. நான் வாட்ச்மேன்மேல் பாய்ந்தேன். அந்த மனிதர் செய்ததைத்தான் சொன்னார்: “உஸ்னே போடு போலா, மைனே போட் தியா.” அவர் ‘போடு’ என்றார், நான் போட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

அன்றுமுதல் ஸ்விட்சில் ‘மேலே ஆள்’ என்று மூன்று பாஷையில் அட்டை கட்டி, அதையே வாயாலும் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறோம் என்பதால், மைக்கைவிட மைக்காரர்கள்தான் அதிகம் கத்துகிறார்கள் என்பதைத் தவிர எங்கள்மேல் இப்போது வேறு புகார் இல்லை.