குருத்தில்லாத பனி

ஜப்பானின் எடோ நகருக்கு நான் கரிமூட்டை சுமந்து வந்தவன். எழுத்துப் படித்ததெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான். இன்று என் கடையின் அச்சுப்படம் இல்லாத வீடு இந்தத் தெருவில் கிடையாது. அதற்குப் பாதிக் காரணம் தோகுஜி. மீதி நான்.

தோகுஜி அச்சுப் பலகை செதுக்குபவன். ஓர் அரிசியின் அகலத்துக்குள் கூந்தலில் ஐந்து இழை எடுப்பான். ஐம்பது வயது, கல்யாணம் இல்லை. ஆறு வருடமாகப் படுக்கையில் கிடந்த அம்மாவைக் கழுவி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் பட்டறைக்கு வருவான். கண் சொருகும், உளி மட்டும் நகரும்.

அந்த வருடக் கடைசியில் ஓவியர் கியோதான் ஒரு படம் கொடுத்தார். நோயாளி அம்மா ஆசைப்பட்டாள் என்று பனியில் மூங்கில் குருத்து தோண்டப் போன சீனத்து மகன் கதை எல்லோருக்கும் தெரியும். அவன் அழுததும் குருத்து முளைத்ததாம். கியோதான் மகனுக்குப் பதில் தேநீர்க்கடைப் பெண்ணை வரைந்திருந்தார். பட்டு உடை, கையில் மண்வெட்டி, காலடியில் மெல்லிய கோட்டில் குருத்தின் நுனி. பழங்கதையை இன்றைய பெண்ணுக்கு மாட்டிவிட்டால்தான் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

படத்தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவோம். முடிந்தபின் மூலப்படம் என்று ஒன்று இருக்காது. தோகுஜி அந்த நுனியை மைக்கறை என்று நினைத்துச் சீவிவிட்டான்.

முதல் அச்சைப் பார்த்ததும் கியோதான் குதித்தார்.

“குருத்து எங்கய்யா? அது இல்லன்னா இவ பனியில என்ன, புதையலா தேடுறா? இந்தத் தூங்குமூஞ்சிய இன்னிக்கே அனுப்புங்க. இல்லன்னா என் படமெல்லாம் இனி எதிர்க்கடைக்குத்தான்!”

தோகுஜி என் பக்கம் திரும்பினான். “முதலாளி, அந்த இடத்தக் குடைஞ்சு, வேற துண்டு பதிச்சு செதுக்கிடறேன்.”

சொல்லும்போதே அவனுக்குக் கண் சொருகியது. அந்தக் கண்ணோடு குடைந்தால் பலகையே போய்விடும். வேலை போனால் அவன் அம்மாவுக்குக் கஞ்சி ஏது?

அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படித்தவர் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டது.

“ஐயா, உங்க சீனத்துப் பையனுக்கு அழுத உடனே கெடச்சிடுச்சு. நம்ம ஊர்ப் பொண்ணுக்கு எங்க கெடைக்கும்? தோண்டிக்கிட்டே இருக்கட்டும். அப்படியே அச்சடிப்போம்.”

“அது என் படமே இல்ல!”

“ஜனங்க சிரிச்சா உங்க படம். சிரிக்கலன்னா பழிய என் தலையில போடுங்க. இவன் இங்கதான் இருப்பான்.”

புத்தாண்டுக்குள் விற்றுத் தீர்ந்தது. “பாவம், இன்னும் கெடைக்கல போல!” என்று கடை வாசலில் சிரித்தார்கள். அது தன் யோசனை என்று கியோதான் ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும். தோகுஜியை அனுப்பச் சொன்ன பேச்சை மட்டும் அப்புறம் எடுக்கவில்லை.

தோகுஜியிடம் அவன் அம்மாவுக்கு ஒரு படம் கொடுத்தனுப்பினேன். மறுநாள், “அம்மா பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

அவன் உளியைத் தீட்டிக்கொண்டே சொன்னான். “ரொம்ப நேரம் பாத்தாங்க முதலாளி. ‘குருத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பொண்ண வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லு’ன்னாங்க.”

அன்றைக்கும் அவனை நான் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த பலகை காத்திருந்தது.