குதிரைக்குச் சைபர் சொல்வதில்லை

நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரிவதுதான் என் ஓட்டோவின் பிழைப்பு. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவனைத் தேடித்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கம்பஸ் அக்கா லோஞ்சுப் படகில் வந்து இறங்கினார். பக்கத்துத் தீவான புங்குடுதீவின் இறுப்பிட்டிக்காரி. எங்கள் குதிரைகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்று கணினியில் கணித்துப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

"தம்பி, ஒவ்வொரு துரவடியிலும் எத்தினை நிக்குதெண்டு எண்ணி எனக்கு வொய்ஸ் அனுப்ப ஏலுமே?"

"எண்ண ஏலும் அக்கா. கூட்டத்தான் ஏலாது."

"கூட்டுறது கொம்பியூட்டர். நீர் வாயைத் திறந்தால் காணும்."

"அதுக்குத்தானே ஊரில எல்லாரும் என்னை ஏசுறவை."

துரவு என்பது கரை கட்டாத கிணறு. குதிரைகள் சரிவில் இறங்கிக் குடிக்கும். காலையில் ஓட்டோவில் ஒரு சுற்றுப் போவேன். எங்கே போனாலும் ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை பின்னால் வரும். ஒருநாள் என் பின்சீற்றைக் கடித்துப் பஞ்சைத் தின்றதிலிருந்து அதற்கு என் ஓட்டோவில் ஒரு பற்று. வெள்ளைக்காரர் ஏறினால், "இவவுக்கும் ரிக்கற் போட்டிருக்கு" என்பேன்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியதும் புல் கருகி, மண் வெடித்தது. குதிரைகளுக்கென்று ஒரு தண்ணீர்ப் பவுசர் லொறி விடச் சொல்லி ஊரவர்கள் கேட்டார்கள். பிரதேச அலுவலகத்தில் இருந்த அதிகாரி, அக்காவின் முடிவைப் பார்த்துத்தான் விடுவேன் என்றார். எண்ணிக்கை குறைகிறதென்றால் பவுசர் வரும். பெருகுகிறதென்றால், சனத்தின் தண்ணீரைக் குதிரைக்கு ஊற்ற ஏலாது.

அக்கா கல்வேலியில் சாய்ந்திருந்து லப்டொப்பைத் திறந்தார். நான் அனுப்பிய எண்களை எடுத்து, ஒரு துரவுக்குச் சராசரி எத்தனை என்று பார்த்து, மென்பொருள் கோடு கீறியது. கோடு மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது.

"உது இப்பிடியே போனால் அடுத்த வரியம் குதிரையள் லோஞ்சில சீற் பிடிச்சு யாழ்ப்பாணம் போகும்," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "கோடு வடிவாத்தான் வருது. ஆனால் பாக்க எனக்கு ஏனோ பயமாக் கிடக்கு."

இருந்தாலும் வந்த முடிவை மறைக்கக் கூடாதென்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். பவுசர் இல்லையென்று ஆயிற்று.

அடுத்த நாள் காலை, தெற்குப் பக்கத் துரவைப் படமெடுக்க வேண்டுமென்றார். கூட்டிக்கொண்டு போனேன். வழியிலேயே நாற்றம் வந்தது. துரவுக்குள் சேறும் காய்ந்து, பாளம் பாளமாக எழும்பி நின்றது. காகங்கள் எங்களைக் கண்டும் பறக்கவில்லை. வெடிப்பில் முன்கால் சிக்கியபடி ஒரு குட்டி கிடந்தது.

அக்கா முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டார்.

"இஞ்சை எத்தினை எண்டு நீர் எனக்குக் கன நாளா அனுப்பேல்லை."

"என்னத்தை அனுப்புறது? ஒண்டும் நிக்கேல்லை."

"அப்ப சைபர் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"சீவனுக்கு ஆர் அக்கா வாயால சைபர் சொல்லுறது? ஆடு மாட்டுக்கே எங்கட வீட்டில சொல்லமாட்டினம். அனுப்பாட்டி விளங்கும்தானே?"

"ஓட்டோ பழுதாக்கும், நீர் போகேல்லையாக்கும் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன்."

"உங்கட வீட்டில அரிசி முடிஞ்சால் அம்மா என்ன சொல்லுறவ?"

அவர் முகத்திலிருந்து துணியை எடுத்தார். "ஒண்டும் சொல்லமாட்டா. கடைப் பையை எடுத்து அப்பான்ரை கையில குடுப்பா. அவ்வளவுதான்."

எங்கள் ஊர் இரண்டுக்கும் இடையில் ஒரு கடல்தான். பழக்கம் ஒன்றே.

ஓட்டோவுக்குள் இருந்தபடியே லப்டொப்பைத் திறந்தார். நான் வெறுமையாய் விட்ட இடங்களை, விவரம் தெரியாதவை என்று கணினி கணக்கிலேயே சேர்க்கவில்லை. தண்ணீர் வற்றாத துரவுகளில் எல்லாக் குதிரைகளும் வந்து நெருக்கிக்கொண்டு நின்றன. அதுவே பெருக்கமாகத் தெரிந்திருக்கிறது. நான் ஒவ்வொரு துரவாகச் சொல்லச் சொல்ல அவர் சைபரைப் போட்டார். கோடு மடங்கியது. பிறகு விழுந்தது. கடைசியில் அது அடியைத் தொடும் இடத்தை அவர் விரலால் மறைத்தார்.

"நேற்றுப் பெருகுது எண்டீர், இண்டைக்கு அழியுது எண்டுறீர். உமக்குக் குதிரையோ, ஆராய்ச்சிக் கொடுப்பனவோ முக்கியம்?" என்று அலுவலகத்தவர் போனில் கத்தியது எனக்கும் கேட்டது. அக்கா திரும்பத் திரும்ப, "பிழை எங்கடைதான் சேர், தண்ணி அதுகளுக்குத்தானே வேணும்," என்றார். பாப்பம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

பவுசர் வந்தது. வருவதற்குள் இன்னும் இரண்டு துரவுகள் வற்றிவிட்டன. பவுசர் ஊற்றிய தொட்டி நிறைய நிறைய, கல்வேலிகளுக்கு இடையால் குதிரைகள் வந்தன. விலாவெலும்பு எண்ணலாம். ஒன்றையொன்று கடித்துத் தள்ளி, மூக்கை முக்கிக் குடித்தன. நான் வாய்விட்டு எண்ணி அக்காவுக்கு அனுப்பினேன். வற்றிய துரவுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சைபர் என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் நாக்குக் கூசியது.

பதிலுக்கு அவருடைய குரல் வந்தது. "நல்லது தம்பி. உம்மடை சீற்றைத் திண்டவள் குடிச்சவளோ?"

ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தேன். பின்சீற்றில் பஞ்சு வெளியே தள்ளியபடியே இருந்தது. போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பொத்தானை அமத்திப் பிடித்தேன். காற்று இரைந்தது. விரலை எடுத்துவிட்டு, ஒன்றும் அனுப்பாமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அக்கா திருப்பிக் கேட்கவில்லை.